ஆவுடைநாயகி பெயரில் எழுதப்பட்ட இரவல்கள்

இதனை எனக்கு முதன்முதலில் சொன்னவர் மாடத்தியம்மாள். ஆலங்கரைப் பல்கலைக்கழக நூலகத்தில், கிழிந்த நூல்களைத் தைத்துக் கட்டும் பிரிவில் முப்பத்தோராண்டுகள் ஊசியும் பசையுமாக இருந்தவர். கதையைச் சற்றுக் கூட்டிச் சொல்லமாட்டார் என்று உறுதி கூற என்னால் இயலாது. எண்ணிக்கையில் மட்டும் அவர் பிழை செய்து நான் கண்டதில்லை.

ஆவுடைநாயகி அந்த நூலகத்துக்கு ஏழாண்டுகளாக வந்துகொண்டிருந்தாள். வயது நாற்பத்தொன்று. ஊருக்கு வடக்கே ஒரு தனியார் கல்லூரியில் பகலெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, தொண்டை கம்ம, சுண்ணக்கட்டித் தூள் படிந்த முந்தானையோடு மாலைப் பேருந்தில் வந்திறங்கி, வாசிப்புக்கூடத்தின் தென்மேற்கு மூலையில் ஒரே மேசையில் ஒரே நாற்காலியில் அமர்ந்து, "அன்றாட வாழ்வில் படைப்பாற்றல்: எளியோர் கைக்கலைகள் பற்றிய ஆய்வு" என்னும் தலைப்பில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் பெருமனத்தோடு வழங்கும் இரண்டு நீட்டிப்புகளையும் வாங்கித் தீர்த்துவிட்டாள். அவ்வாண்டு ஏப்ரல் முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு தேர்வுப் பிரிவைச் சேராவிட்டால் பதிவு நீங்கும். ஏழாண்டு உழைப்பும் பழைய தாள் விலைக்குப் போகும்.

உழைப்பில் குறையில்லை. பேருந்தில் வரும்போதும் சந்தையில் காய் வாங்கும்போதும் கண்ணில் பட்ட கைவேலைகளையெல்லாம் அவள் ஒன்பது குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தாள். பூக்காரி முடிச்சிடும் விதம், தக்காளி அடுக்குபவர் கோபுரம் எழுப்பும் விதம், நடத்துநர் பணத்தாளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் மயில்தோகைபோல் விரிக்கும் விதம் என்று ஒன்றும் விடவில்லை. நெறியாளர் பேராசிரியை சௌந்தரவல்லியோ ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையால் "ஆதாரம்?" என்று ஒற்றைச் சொல் எழுதித் திருப்பித் தந்தார்.

"மேடம், நான் கண்ணால பாத்தேனே" என்றாள் ஆவுடை ஒருநாள்.

"நீ பாத்தா அது வேடிக்கை, ஆவுடை. நூலகத்துல இருந்தாத்தான் ஆதாரம். அந்தப் பூக்காரி எந்த அலமாரியில இருக்கா, சொல்லு. நான் கையெழுத்துப் போடறேன்."

அக்கேள்விக்கு நூலகமே விடை சொல்லிற்று. தைப் பொங்கல் விடுமுறை முடிந்து நூலகம் திறந்த முதல் திங்கட்கிழமை, கணினி வந்த நாள்முதல் எவரும் தொடாத அட்டைப் பட்டியல் பேழையை, வேறு எதையோ தேடி ஆவுடை திறந்தபோது, 'ம' வரிசை இழுப்பறையில், மஞ்சளேறிய பழைய அட்டைகளுக்கு நடுவே மை காயாத வெள்ளை அட்டை ஒன்று நின்றது.

"முடிச்சு, இரட்டை, மல்லிகைக்கு. ஆசிரியர்: இசக்கியம்மாள். இடம்: பேருந்து நிலைய மேற்கு வாயில். அளவு: முழத்துக்கு நாற்பத்தெட்டுக் கண்ணி. படி: ஒன்று."

அவள் அதை உருவிக்கொண்டு துணை நூலகர் தனிஸ்லாஸிடம் ஓடினாள். தனிஸ்லாஸ் இருபத்தேழாண்டுகளாக அந்நூலகத்தின் விதிகளைத் தம் வேட்டிக்கரையைப்போல் மடிப்புக் கலையாமல் காத்துவந்தவர். அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார், புரட்டினார், முகர்ந்தார்.

"ஓரம் விட்டிருக்கிற அளவு சரியா இருக்கு. வகைப்பாட்டு எண் சரியா இருக்கு" என்றார். பிறகு பெருமூச்சுவிட்டு, "நம்ம ஆளுங்க தட்டச்சு செஞ்சதில்லைம்மா இது" என்றார்.

அந்த வியப்போடு அவர் வியப்புத் தீர்ந்தது. அட்டையில் கண்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு இருவரும் மேல்மாடியில் ஒன்பதாம் அலமாரிக்குச் சென்றபோது, நெருக்கியடித்து நின்றிருந்த நூல்கள் தாமாக விலகி, இரண்டு விரற்கடை இடத்தைக் காலியாக விட்டிருந்தன. அந்த இடைவெளியில் மல்லிகை மணந்தது. தனிஸ்லாஸ் அதைத் தூசு தட்டி, "இடம் இருக்கு, பொருள் இல்லை" என்று குறித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்றுமுதல் நாள் தவறாமல் அட்டைகள் வந்தன. ஆவுடையின் குறிப்பேடுகளில் எந்த வரிசையில் எழுதப்பட்டிருந்தனவோ அதே வரிசையில், நாளைக்கு நான்கு, சில நாள் ஏழு, விடுமுறை நாளில் ஒன்றுமில்லை என்று, ஓர் ஒழுங்கான அரசு ஊழியரைப்போல் அந்தப் பேழை பணிபுரிந்தது. பேராசிரியை சௌந்தரவல்லி நேரில் வந்து இழுப்பறையைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "இப்ப ஆதாரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

ஊர் இதை எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதே கேட்கத் தக்கது. முதலில் வந்தவள் இசக்கியம்மாள்தான். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நூலக வாயிலில் நின்றவளைக் காவலாளி அடையாள அட்டை கேட்டு மறித்தபோது, "உள்ள எம் பேரு இருக்கு, வெளிய நான் நிக்கணுமோ? நல்லா இருக்குவே ஒங்க நாயம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசிப்புக்கூடம் முழுதும் தலைநிமிர்ந்தது. தன் அட்டையை மருமகளை விட்டு இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "முழத்துக்கு நாப்பத்தெட்டுன்னு போட்டுட்டானே! இனி குறைச்சுக் கட்ட முடியாதே" என்று அங்கலாய்த்துக்கொண்டே போனாள்.

அவள் சொல்லி ஊர் வந்தது. பரோட்டாக் கடை முதலாளி, தம் கடையில் கொத்துபரோட்டாப் போடும் செய்யதலியின் பெயரில் அட்டை வந்ததை ஏற்க மறுத்து, "கல்லு என்னது, கரண்டி என்னது, மாவும் என்னது. அவன் பேரு மட்டும் எப்படி வரலாம்?" என்று தனிஸ்லாஸிடம் வாதாடினார். தனிஸ்லாஸ் நிதானமாக, "கை யாரோடதுங்க?" என்று கேட்டதும், "கைக்குத்தானே சம்பளம் குடுக்கேன்" என்று முணுமுணுத்தபடி வெளியேறினார், மறுநாளே கடை வாசலில் "பல்கலைக்கழகத்தில் உள்ள பரோட்டா இங்கே கிடைக்கும்" என்று பலகை வைத்தார்.

தக்காளிக் கோபுரத்தை எந்தத் துறையில் சேர்ப்பது என்று ஆட்சிக்குழு மூன்றுமுறை கூடிற்று. வேளாண்துறை அது பயிரன்று என்றது. கட்டடக்கலைத்துறை, கடைக்கால் இல்லாததைக் கட்டடமென ஏற்பதற்கில்லை என்றது. வணிகவியல்துறை மட்டும் இரு கைகளையும் நீட்டி வரவேற்றது. துணைவேந்தர், அட்டைகளைத் தொடுவதற்கு முன் கைகழுவ வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டுத் தம் கடமையை முடித்தார்.

ஆவுடை வாயிலில் இறங்கும் நேரம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அந்நேரம் பார்த்துத் தேநீர்க்கடைக்காரர் ஆளுயரத்துக்குத் தேநீர் ஆற்றினார். தையற்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார். வார்டு உறுப்பினர் ஒருவர் காரணமின்றிச் சொற்பொழிவே ஆற்றினார். பார்க்கப்பட வேண்டும் என்று செய்த எதுவும் அட்டையாகவில்லை. தையற்காரர் விரலில் குத்திக்கொண்டதுதான் மிச்சம். "அந்தப் பெட்டிக்குக் கண்ணு இருக்கு, ஆனா வேடிக்கை பாக்காது" என்று மாடத்தியம்மாள் பசைக்கிண்ணத்தைக் கிண்டியபடியே தீர்ப்புச் சொன்னாராம்.

இவ்வாறாக, ஆதாரமில்லை என்று ஏழாண்டு கிடந்த ஆய்வேடு மூன்று மாதத்துக்குள் எழுந்து நின்றது. ஏப்ரல் ஏழாம் நாள், தேர்வுப் பிரிவு கேட்கும் கடைசித் தாளான நிலுவையின்மைச் சான்றிதழை வாங்க ஆவுடை தனிஸ்லாஸின் மேசைக்கு வந்தாள். அவள் முகத்தில் அன்று இருந்த மகிழ்ச்சியைப் பேறுகாலம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடந்தான் பார்க்கலாம் என்பார் மாடத்தியம்மாள்.

தனிஸ்லாஸ் இரவல் பதிவேட்டைத் திறந்தார். பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு தம் நாற்காலியை அவளை நோக்கித் திருப்பினார்.

"உங்க பேர்ல இருநூத்துப் பதினாலு இரவல் இருக்கும்மா. எல்லாமே கெடு தாண்டினது."

"சார், நான் எடுத்தது மூணே புத்தகம். அதையும் போன மாசமே குடுத்துட்டேன்."

"புத்தகம் இல்லை. இங்கே பாருங்க. முடிச்சு, இரட்டை. தக்காளி அடுக்கு. பணத்தாள் விசிறி. நாள், மணி, எல்லாம் இருக்கு. நீங்க குறிப்பேட்டுல எழுதின அன்னிக்கே எடுத்ததாப் பதிவாகியிருக்கு."

"அதை எழுதினது யாரு சார்?"

"அட்டையை எழுதின அதே கை." அவர் குரலில் கோபமில்லை, ஓரளவு பரிவுகூட இருந்தது. "அலமாரியில இடைவெளி ஏன் இருக்குன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. எடுத்தவங்க திருப்பிக் கொடுக்கணும். பதிவேட்டுல இருக்கிறதை இல்லைன்னு எழுத எனக்கு அதிகாரம் கிடையாது." அன்று மாலையே இருநூற்றுப் பதினான்கையும் ஆறு தாள்களில் தம் கையாலேயே தட்டச்சு செய்து, முனை சேர்த்துக் கோத்து அவளிடம் தந்தார்.

இருபத்துமூன்று நாள் இருந்தது. மறுநாள் ஆவுடை இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள். "இது பூ. நீங்க எடுத்தது முடிச்சு" என்று அவர் மறுத்துவிட்டார். அடுத்த நாள் இரண்டு கிலோ தக்காளி வந்தது. அதுவும் மறுக்கப்பட்டு, நூலகப் பணியாளர்கள் வீட்டில் அன்று இரவு ரசமாயிற்று. மூன்றாம் நாள், கையில் பட்டியலும் கண்ணில் நீருமாகப் பேருந்து நிலையத்தில் நின்றவளை இசக்கியம்மாள் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன டீச்சர், மொகம் வாடிக் கெடக்கு?"

ஆவுடை சொன்னாள். இசக்கியம்மாள் கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அதுசரி, என்னயப் பத்தி அப்படி என்னதான் எழுதியிருக்கிய? வாசிய, கேப்போம்."

ஆவுடை குறிப்பேட்டைப் பிரித்துத் தயங்கித் தயங்கி வாசித்தாள். "இவ்விரட்டை முடிச்சில் வெளிப்படும் சமச்சீர்மை, உழைக்கும் பெண்ணின் அழகியல் விழைவினையும் மரபின் தொடர்ச்சியினையும் ஒருங்கே புலப்படுத்துகின்றது."

இசக்கியம்மாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த அரும்பெல்லாம் சிதறிற்று. "எக்கா, இங்க வாயேன்! நான் என்னத்தையோ புலப்படுத்துதேனாம்!" என்று பக்கத்துக் கூடைக்காரியை அழைத்துக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யம்மா, ரெட்டை முடிச்சு எதுக்குன்னா, பஸ்ஸுல நிண்ணுக்கிட்டுப் போற பொம்பளைக்கு. நெருக்கடியில ஒத்த முடிச்சு உதிந்துபோவும். உக்காந்து போறவளுக்கு ஒத்த முடிச்சே போதும், சீக்கிரம் வேலை முடியும்."

"நின்னுக்கிட்டுப் போறாளா உக்காந்து போறாளான்னு வாங்கும்போதே எப்படித் தெரியும்?"

"கையில எத்தனை பை இருக்குன்னு பாப்பேன். ரெண்டு பை வச்சிருக்கவளுக்கு எவன் எந்திச்சு எடம் குடுப்பான்?"

ஆவுடை நின்ற இடத்திலேயே முன்பு எழுதியதை அடித்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டாள். அன்று நூலகத்துக்கு வந்தபோது தனிஸ்லாஸ் பதிவேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். முதல் வரியின் மேல், 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சிவப்பு முத்திரை ஈரமாக மின்னியது. மேல்மாடியில் அந்த இரண்டு விரற்கடை இடைவெளியை நூல்கள் நெருங்கி மூடிக்கொண்டிருந்தன.

வழி தெரிந்துவிட்டது, நாள்தான் போதவில்லை. கல்லூரியில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு, நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று ஆவுடை ஊரெல்லாம் நடந்து, எழுதியதை எழுதப்பட்டவருக்கே வாசித்துக் காட்டினாள். புகழ்ச்சியை மட்டும் வாசித்துக் கேலியை விழுங்கிப் பார்த்தாள்; முத்திரை விழவில்லை. வாசித்துவிட்டு மறுமொழி கேட்காமல் விரைந்து பார்த்தாள், அப்போதும் விழவில்லை. முழுவதும் வாசிக்க வேண்டும், நின்று கேட்க வேண்டும், திருத்த வேண்டும்.

தக்காளிக் கோபுரத்தின் சரிவில் அவள் மலையின் வடிவைக் கண்டு வியந்திருந்தாள். அடுக்குகிற சுடலைமுத்து, "மலையுமில்ல மண்ணுமில்ல. அழுகுன பக்கத்தைப் பூராவும் உள்ள திருப்பிவச்சா அப்படித்தான் சரியும். இத எழுதித் தொலைச்சுராதிய, யாவாரம் கெட்டுப்போவும்" என்றான், பிறகு யோசித்து, "எழுதுங்க, எம் பேர மட்டும் பெருசாப் போட்டுருங்க" என்றான். பெண்கள் விடுதி மொட்டைமாடியில் நூற்றிருபது பேர் துணியை நிறவரிசையாகக் காயப்போடும் ரோஸ்மேரிக்கு வானவில் மனத்தில் இருந்ததாக எழுதியிருந்தாள். "சாயம் போற துணியெல்லாம் காத்து போற பக்கமாப் போடுவேன் மேடம், சாயம் அடிச்சாலும் அதுக மேலயே அடிக்கட்டும்னு" என்றாள் ரோஸ்மேரி, "ஆனா மஞ்சளைக் கடைசியில போடறதுக்குக் காரணமில்ல. சும்மா, பாக்க நல்லாருக்கும்." அந்தச் 'சும்மா'வை ஆவுடை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள். ஏழாண்டாக அவள் தேடியது அந்தச் சொல்லாகவும் இருக்கலாம்.

கோயில் வாசலில் செருப்புக் காத்த சங்கரலிங்கம் மாசி மாதமே இறந்துபோயிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாளின் வீட்டு வாசலில் அமர்ந்து, ஒரே குடும்பத்தார் செருப்புகளை அவர் எவ்வாறு குழந்தையினதை நடுவில் வைத்து, பெரியவர்களுடையதை அணைவாக இருபுறமும் வைப்பார் என்பதை ஆவுடை வாசித்தாள். பேச்சியம்மாள் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கிய. வீட்டுக்கு வந்தா இவரு செருப்ப ஒண்ண இங்க எறிவாரு, ஒண்ண அங்க எறிவாரு. நாந்தான் பொறக்கி வைப்பேன். அதையும் சேத்துக்கிடுங்க" என்றாள். சேர்த்துக்கொண்டதும், "இன்னொரு தடவை வாசிய" என்றாள். ஆவுடை மூன்று தடவை வாசித்தாள்.

ஏப்ரல் முப்பதாம் நாள் பிற்பகல், திருத்தித் தட்டச்சு செய்து மாடத்தியம்மாள் கையால் கட்டப்பட்ட ஐந்து படிகளையும் பிள்ளையைப்போல் சுமந்துகொண்டு ஆவுடை நூலகத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு.

"சான்றிதழ், சார்."

தனிஸ்லாஸ் பதிவேட்டைத் திறக்கவில்லை. "இருநூத்துப் பதிமூணு வந்தாச்சு. ஒண்ணு பாக்கி."

"இல்லையே சார். பட்டியல் முழுக்க முடிச்சுட்டேன்."

"ஆறாவது தாளோட பின்பக்கம் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் சன்னலுக்கு வெளியே எதையோ கூர்ந்து பார்க்கலானார்.

அவள் திருப்பினாள். ஒரே வரி. "எழுப்புதல். ஆசிரியர்: சா. தனிஸ்லாஸ். இடம்: வாசிப்புக்கூடம்."

ஒன்பதாம் குறிப்பேட்டின் இறுதியில், ஒரு சலிப்பான மாலையில், ஆவுடை தன் சிரிப்புக்கென்று மட்டும் எழுதிவைத்த ஒன்றரைப் பக்கம் அது. எதிர்ச்சுவரில் தொங்கிய விதிப்பலகை, வாசிப்புக்கூடத்தில் உறங்குவோர் வெளியேற்றப்படுவர், அவர்கள் பெயர் மாதந்தோறும் பதிவாளருக்கு அறிவிக்கப்படும் என்று தனிஸ்லாஸின் கையெழுத்தோடு முழங்கிற்று. அவரும் மாதந்தோறும் அறிக்கை அனுப்பினார்: "உறங்கியோர்: எவருமிலர்." இருபத்தேழாண்டாக, முந்நூறுக்கு மேற்பட்ட அறிக்கைகள், ஒன்றிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசித்தால் அத்தனையும் பொய்யென்று ஆகும். அதுவும் யாரிடம்? பதிவேட்டில் இருப்பதை இல்லையென்று எழுதமாட்டேன் என்று அவளை இருபத்துமூன்று நாள் வெயிலில் அலையவிட்ட மனிதரிடம்.

"வாசிக்க வேண்டாம்" என்றார் தனிஸ்லாஸ், தாழ்ந்த குரலில். "நானே முத்திரை போட்டுடறேன். என் பொருள்தானே." முத்திரைக்கட்டையை மையில் அழுத்தி, வாழ்நாளில் முதன்முறையாகப் பதிவேட்டு விதியை மீறி, பதிவேட்டின் கடைசி வரியில் குத்தினார். மை தாளில் ஒரு கணம் நின்றது. பிறகு, மணலில் விழுந்த நீரைப்போல் உள்வாங்கி மறைந்தது. மறுபடி குத்தினார். மறுபடியும் மறைந்தது.

மணி நான்கு இருபது. அவர் முத்திரைக்கட்டையைக் கீழே வைத்தார். "சரி. வாசிங்க. மெதுவா வாசிங்க."

அவள் மெதுவாகத்தான் தொடங்கினாள். ஆனால் நூலகத்தில் மெதுவாகச் சொல்வதுதான் எல்லாருக்கும் கேட்கும். "நாள்தோறும் ஐந்தரை மணிக்குத் துணை நூலகர் வலம்வருகிறார். வயிறு முன்னே வர, விதி பின்னே வருகிறது. உறங்கும் முதலாண்டு மாணவனுக்கு அருகில் சாவிக்கொத்தைத் தவறவிடுகிறார். அது ஒருபோதும் தவறி விழுந்ததன்று. உறங்கும் பேராசிரியருக்குத் திரையை நாலங்குலம் விலக்கி, மேல்வெயில் மூக்கின்மேல் விழும்படி செய்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று தாம் ஒரு நூலில் மூழ்கியிருப்பதுபோல் நடிக்கிறார். நடிப்பு மிக மோசம். இருமுறை நூலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்."

கூடத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். மாடத்தியம்மாள் பசைக்கையோடு வாசலில் வந்து நின்றார். ஆவுடையால் நிறுத்த முடியாது.

"ஓய்வுபெற்ற முதியவர்களை அவர் எழுப்புவதே இல்லை. விதிப்பலகைக்கு நேர்கீழே நாள்தோறும் மூவர் குறட்டை விடுகின்றனர். மாத அறிக்கையில் உறங்கியோர் எவருமிலர். இந்நூலகத்திலுள்ள கற்பனை நூல்களில் மிகச் சிறந்தது அவ்வறிக்கையே."

வாசித்து முடித்தாள். தனிஸ்லாஸ் குறிப்பேட்டைத் தம் பக்கம் திருப்பி, அந்த ஒன்றரைப் பக்கத்தையும் தாமே ஒருமுறை படித்தார். மணி நான்கு முப்பத்தைந்து.

"தப்பு" என்றார்.

"சார், மன்னிச்சிருங்க. நான் விளையாட்டா..."

"தப்புன்னா, தகவல் தப்பு. முதியவங்களை எழுப்புறதில்லைன்னு எழுதியிருக்கீங்க. ஏழே முக்காலுக்கு, பூட்டறதுக்கு முன்னாடி, எழுப்புவேன். முதல்ல அவங்க விட்ட இடத்துலேர்ந்து ரெண்டு பக்கம் திருப்பிவைப்பேன். அப்புறம் தோளைத் தொடாம, கொஞ்சம் சத்தமா, 'ஐயா படிச்சு முடிச்சிருந்தா அந்தப் பத்திரிகையை எடுத்துக்கலாமா'ன்னு கேப்பேன். தான் தூங்கினது அவருக்கே தெரியக்கூடாது. யாருக்குமே தெரியலைன்னா, தூங்கினாங்கன்னு நான் எப்படி அறிக்கை எழுதறது?"

ஆவுடை எழுதிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் விட்டுட்டீங்க" என்றார் தனிஸ்லாஸ். இப்போது அவர் உதட்டோரம் எதுவோ அசைந்தது. "உங்களை எப்படி எழுப்புவேன்னு எழுதவே இல்லையே."

"என்னையா?" ஆவுடை நிமிர்ந்தாள். "நான் இங்கே ஒருநாளும் தூங்கினதே இல்லை, சார்."

வாசிப்புக்கூடம் கொல்லென்று சிரித்தது. விதிப்பலகையின் கீழிருந்த மூன்று முதியவர்களும் சிரித்தார்கள். "ஏழு வருசமா, ஆறு மணியானா, கன்னத்துல குறிப்பேட்டு வரி பதியப் பதிய!" என்று வாசலிலிருந்து மாடத்தியம்மாள் கூவினார்.

"உங்களுக்கு மேசை விளக்கு" என்றார் தனிஸ்லாஸ், சிரிக்காமல். "பின்னாடி வந்து அதை அணைச்சுட்டு, தூரப் போய் ஒருதடவை இருமுவேன். கரண்டு போச்சுன்னு நினைச்சுக்கிட்டு எந்திரிப்பீங்க. அப்புறம் போட்டுவிடுவேன்."

அந்நூலகத்தின் தீராத மின்தடையைப்பற்றி ஆவுடை மின்வாரியத்துக்கு இரண்டு புகார்க் கடிதங்களும், அவற்றுக்கு விடை வராததுபற்றி மாவட்ட ஆட்சியருக்கு ஒன்றும் எழுதியிருந்தாள்.

அவள் குனிந்து, தன்னைப்பற்றிய அந்தப் பகுதியையும் சேர்த்து, ஒரு சொல் விடாமல் எழுதினாள். எழுதியதைச் சத்தமாக, கூடம் முழுவதற்கும் வாசித்தாள். 'அதன்பின் அவள் விழித்துக்கொண்டாள், தான் உறங்கியதை அறியாமலே' என்று முடித்தபோது, பதிவேட்டின் கடைசி வரியில் சிவப்பு மெல்ல ஊறியெழுந்து, எழுத்தெழுத்தாகத் தெளிந்து, நின்றது.

தனிஸ்லாஸ் சான்றிதழில் கையெழுத்திட்டு, மை காய ஊதி, நீட்டினார். மணி நான்கு ஐம்பத்தொன்று. ஆவுடை ஐந்து படிகளையும் அணைத்துக்கொண்டு, செருப்பை நூலக வாயிலிலேயே விட்டுவிட்டு, வேப்பமர வரிசையின் கீழ் ஓடினாள். பின்னால் கூடமே எழுந்து வாயிலுக்கு வந்து நின்றது. தேர்வுப் பிரிவில் எழுத்தர் பூட்டைக் கையில் எடுத்திருந்தார். "நாளைக்கு வாங்களேன்மா" என்று வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தவர், அவள் மூச்சிரைப்பைப் பார்த்துப் பூட்டைக் கீழே வைத்தார். சான்றிதழை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்து, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துச் சரிபார்த்தார்.

"ஆய்வாளர் பெயர், ஆவுடைநாயகி. சரி. இரவல் பெற்றவை, இருநூற்றுப் பதினான்கு." அவர் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "திருப்பிச் செலுத்தியவை, இருநூற்றுப் பதினான்கு."